கைக்குட்டையில் சுற்றிய டப்பா

ஏப்ரல் 14, திங்கள்

சம்பூர்ணம் இந்த வருடமும் மண் சோறு சாப்பிட்டாள். கோயில் முன்னால் கல் தரையைக் கழுவி, அதில் சோற்றைக் கொட்டி, பிள்ளை இல்லாத பெண்களை வரிசையாக முழங்காலிட வைத்தார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, வாயாலேயே தின்ன வேண்டும். பக்கத்தில் ஒரு சின்னப் பெண் அழுதுகொண்டே தின்றது. சம்பூர்ணம் அழவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருடம், அவளுக்குப் பழகிவிட்டது. எழுந்தபோது மூக்கு நுனியில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. நான் சொல்லவில்லை, அப்படியே ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள்.

கோயிலில் நாலு பேர் என் வேட்டியைப் பார்த்து, யார் வெளுப்பது என்று கேட்டார்கள். வீட்டிலேதான். கஞ்சி காய்ச்சி, வடிகட்டி, பதம் பார்த்துப் போடுவாள். நாள் முழுக்க உட்கார்ந்து எழுந்தாலும் மடிப்பு கலையாது. பெண்டாட்டியிடம் நல்லதே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

சேலம் டாக்டரம்மா, பெயர் ரெஜினா, சம்பூர்ணத்துக்கு இனி ஒரு மாத்திரைகூட எழுதித் தர மாட்டாளாம். "இவங்க டெஸ்ட் எல்லாம் சரியா இருக்கு. குழாய், கர்ப்பப்பை, எல்லாம் நல்லா இருக்கு. ஒன்பது வருஷமா இவங்களையே குத்திக்கிட்டு இருக்கீங்க. நீங்க ஒரு தடவை விந்துப் பரிசோதனை செஞ்சுக்கங்க" என்றாள், ஏதோ முடி வெட்டிக்கொள்ளச் சொல்வது போல.

சம்பூர்ணம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்தாளோ என்று எனக்குச் சந்தேகம்.

நான் போன வருடமே கோயமுத்தூரில் வேறு பெயரில் பார்த்தாயிற்று. அந்தக் காகிதத்தை உக்கடம் பஸ் நிலையத்திலேயே கிழித்துப் போட்டுவிட்டேன். மிஷின் கோளாறாக இருக்கும். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

தம்பி நல்லசிவம் வந்துவிட்டான். ரிக் வண்டிக்கு என்ஜின் வேலை. என் வண்டி ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுவது ஜபல்பூர் பக்கம். அவன்தான் கூடவே இருந்து நடத்துகிறான். அவன் பெண்டாட்டி மேகலாவுக்கு ஐந்து மாதம் முடியப் போகிறது. கார்த்திகையில் ஒரு வாரம் வந்து போனான், அதற்குள் இது.

அம்மா மேகலாவுக்கு மாதுளை உரித்துக் கொடுக்கிறாள். என் அம்மா பாவாயி யாருக்கும் எதையும் உரித்துக் கொடுத்து நான் பார்த்ததில்லை. பார்க்க எரிச்சலாக இருந்தது. மேகலா, "மாமா, உங்களுக்குங்க" என்று எனக்கும் ஒரு கிண்ணம் நீட்டினாள். பல் கூசுகிறது என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

இன்று நல்லசிவத்தைத் தோட்டத்துக்கு அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பரிசோதனைக்கு நம் ஊர் லேபிலேயே கொடுக்கலாம், லேப் டப்பாவில் எடுத்து அரை மணி நேரத்துக்குள் கொண்டுபோக வேண்டும், எனக்குப் பதில் அவன் கொடுத்தால் போதும், பெயர் என் பெயர்.

அவன் முகம் வெளுத்துப் போயிற்று. "அண்ணா, அதெப்புடிங்ணா" என்றான்.

"எனக்கு நேரமில்லடா. அந்தப் பொம்பளை டாக்டரு ஒரு காயிதம் கேக்கறா. காயிதம்தான. குடும்ப மானம்."

"நீங்களே குடுத்தா என்னங்ணா?"

அப்பா போன பிறகு அவனைப் படிக்க வைத்தது யார், வண்டியை நம்பி ஒப்படைத்தது யார் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். என் பேச்சை அவன் தட்டியதே கிடையாது. எட்டாவது படிக்கும்போது சட்டையை மாற்றிப் போட்டு வா என்றால் மறுபேச்சில்லாமல் போவான், இன்றைக்கும் அப்படியேதான்.

இந்தக் காலத்துப் பையன்கள் ரொம்பவும் கூச்சப்படுகிறார்கள். நான் அவன் வயதில் ரிக்கோடு நாக்பூர் பக்கம் மூன்று வருடம் இருந்தேன். அங்கே ஒரு காய்ச்சல் வந்து, இடுப்புக்குக் கீழே வீங்கி, பத்து நாள் நடக்க முடியவில்லை. கம்பவுண்டர் ஒருத்தன் ஊசி போட்டான், சரியாகிவிட்டது. கூட இருந்தவர்கள் எல்லோருக்கும் வந்ததுதான். எவனும் கூச்சப்பட்டதில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

எட்டு வேட்டிக்குக் கஞ்சி. கொடி முழுக்க வெள்ளை.

ஏப்ரல் 28, திங்கள்

வேலை முடிந்தது. காலையில் நல்லசிவம் டப்பாவைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினான். கிணற்றடியில் சம்பூர்ணம் நேற்றைய கஞ்சிச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் கண் சிவந்திருந்தது. சித்திரை வெயில் எல்லோரையும் வாட்டுகிறது.

லேபில் ஒரு புதுப் பையன். "கொஞ்சமாத்தானுங்க இருக்குது" என்றான். "போதும்ல?" என்றேன். போதும் என்றான். அவனே பார்த்துவிட்டு, மீதியைச் சேலத்துக்கு அனுப்பி வைப்பானாம்.

மதியம் நல்லசிவம் ஜபல்பூருக்குக் கிளம்பிவிட்டான். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. மேகலா வாசலில் நின்று அழுதாள். மூன்று மாதத்தில் திரும்பப் போகிறவனுக்கு இவ்வளவு அழுகையா?

மே 5, திங்கள்

சேலத்துக்குத் தனியாகப் போயிருந்தேன். டாக்டரம்மா நம் ஊர் லேப் ரிப்போர்ட்டை விரித்து வைத்தாள்.

"உயிரணு ஒண்ணுகூட இல்ல. அளவும் ரொம்பக் கம்மி. புளிப்புத் தன்மை இருக்கு. முக்கியமா, ஃப்ரக்டோஸ் இல்ல. அது விந்துப் பையில இருந்து வர்ற சர்க்கரை. அதுவே இல்லன்னா, வழியில அடைச்சிருக்கணும், இல்ல பிறவியிலேயே குழாய் இல்லாம இருக்கணும்."

நான் கேட்டேன்: "இந்த மாதிரி உள்ளவனுக்குத் தானா குழந்தை நிக்குமுங்களா?"

"தானா நிக்காது. ஆனா இந்த ஒரு பேப்பரை வெச்சு நான் எதையும் சொல்ல மாட்டேன். துத்தநாகம், நொதி, மத்ததெல்லாம் பெரிய லேபுக்குப் போயிருக்கு, வரட்டும். இப்ப உள்ள வந்து படுங்க. குழாய் இருக்கா இல்லையான்னு கையால தொட்டுப் பார்த்தாலே தெரியும்."

எனக்கு அவசர வேலை என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். அவள் தொட்டால் என்னிடம் குழாய் இருப்பது தெரிந்துவிடும், டப்பா என்னுடையதில்லை என்று பிடித்துவிடுவாள்.

நல்லசிவத்துக்கு இல்லை. தானாக நிற்காது. அப்படியென்றால் மேகலா வயிற்றில் இருப்பது?

ஜீப்பை மகுடஞ்சாவடியில் நிறுத்தி டீ குடித்தேன். உண்மையை எழுத வேண்டுமானால், எனக்குத் துக்கம் வரவில்லை. பல வருடத்துக்குப் பிறகு டீ ருசியாக இருந்தது.

மே 6, செவ்வாய்

யாரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் சிக்கல். ரிப்போர்ட்டைக் காட்டினால் டப்பா யாருடையது என்ற கதை வரும். ஆகையால் ரிப்போர்ட் இல்லாமலே சொல்ல வேண்டும்.

அம்மாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன். மேகலா வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து வேன் டிரைவர், பள்ளிக்கூடம் நடந்தவரை தினமும் வாசல் வரை கொண்டுவந்து விட்டான், சிரிப்பு கேட்டது. கார்த்திகையில் நல்லசிவம் இருந்ததே ஒரு வாரம். அந்த ஒரு வாரமும் அவனுக்குச் சளி பிடித்திருந்தது, அம்மாதானே கஷாயம் வைத்தாய் என்று ஞாபகப்படுத்தினேன்.

அம்மா முதலில், "போடா, வாயக் கழுவு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வேன்காரன் எந்த ஊருடா?" என்று கேட்டாள். அது போதும்.

மே 11, ஞாயிறு

வேட்டிக்குக் கஞ்சி. கிணற்று மோட்டாருக்குக் காயில் கம்பி மாற்றினேன். இப்போது மாதுளை உரிப்பது நின்றுவிட்டது. மேகலா தானாகவே அடுப்படிக்குப் போய்த் தட்டில் போட்டுக்கொள்கிறாள். "அத்தை என்மேல கோவமா இருக்காங்களாக்கா?" என்று சம்பூர்ணத்திடம் கேட்டது காதில் விழுந்தது.

நல்லசிவத்துக்கு அம்மா போன் செய்தால் சிக்னல் இல்லை. போர் போடும் காட்டில் எங்கே கிடைக்கும். கிடைக்காததும் நல்லதுதான். அவனிடம் நேரில்தான் சொல்ல வேண்டும், அண்ணன் என்ற முறையில்.

மே 18, ஞாயிறு

மேகலாவுக்குக் கட்டுச்சோறு. ஏழாம் மாதம் தாய் வீட்டார் வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு வந்து, விருந்து போட்டு, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். பெருந்துறையிலிருந்து அவள் அப்பாவும் அம்மாவும் வேன் பிடித்து முப்பது பேரோடு வந்தார்கள். புளிச்சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறு, பெரிய பெரிய தூக்குப் போசிகளில்.

வளையல் போடும்போது சம்பூர்ணம் மரியாதையாக அடுப்படியில் நின்றுகொண்டாள். பிள்ளை பெறாதவள் போடக் கூடாது. அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேகலாதான் புரியாமல், "அக்கா எங்கீங்க, அக்காவும் போடட்டும்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மா எழுந்து நின்றாள். இப்படிச் சபையில் ஆரம்பிப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை, தடுக்கவும் இல்லை.

"சம்மந்தி, உங்க புள்ளையக் கூட்டிட்டுப் போங்க. சோத்தையும் எடுத்துட்டுப் போங்க. பெத்ததுக்கப்புறம் இந்த வாசப்படி ஏற வேண்டாம். அது எங்க ரத்தமில்ல."

மேகலாவின் அப்பா ரிட்டயர்டு வாத்தியார். என்னைப் பார்த்து, "மாப்ள, அம்மா என்ன சொல்றாங்க? நீங்க சொல்லுங்க" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் யோசித்துச் சொல்பவன் என்று ஊரில் பெயர் உண்டு.

"எனக்கு ஆதாரம் இல்லாமப் பேசற பழக்கமில்லீங்க" என்று மட்டும் சொன்னேன்.

மேகலா என் காலடியில் வந்து உட்கார்ந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்வதற்கே கஷ்டப்பட்டாள். "மாமா, சத்தியமா இல்லீங் மாமா. அவுருகிட்டப் பேசுங்க மாமா" என்றாள். கை நிறைய வளையல், அவள் அழ அழ அது குலுங்கிக்கொண்டே இருந்தது. என் வேட்டியைப் பிடித்தாள். மடிப்பு கலைந்துவிட்டது.

சம்பூர்ணம் அடுப்படியிலிருந்து ஓடி வந்து அவளைத் தூக்கினாள். அம்மாவைப் பார்த்து, "உங்க வாயி அழுகிப் போயிரும்" என்றாள். ஒன்பது வருடத்தில் அம்மாவை அவள் எதிர்த்துப் பேசியது இதுதான் முதல் தடவை. எல்லோரும் போன பிறகு அவளை ஒரு அறை அறைந்தேன்.

சோறு எல்லாம் அப்படியே கிடந்தது. மாட்டுக்குப் போட்டோம்.

மே 19, திங்கள்

சம்பூர்ணம் பேசுவதில்லை. வீடு அமைதியாக இருக்கிறது.

மே 25, ஞாயிறு

பெருந்துறையிலிருந்து யாரோ சொல்லி அனுப்பினார்கள். மேகலாவுக்கு நாள் ஆகாமலே வலி கண்டுவிட்டதாம். ஆண் குழந்தையாம். உள்ளங்கை அளவு இருக்கிறதாம், கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்களாம். சம்பூர்ணம் என்னைக் கேட்காமல் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அம்மா, "யாரு சாடையாம்?" என்று கேட்டாள்.

மே 27, செவ்வாய்

குழந்தை செத்துவிட்டது. நல்லசிவம் நேற்று ராத்திரிதான் வந்து சேர்ந்தானாம். ஒரு துண்டில் சுற்றி அவனே தூக்கிக்கொண்டு போனானாம்.

நான் போகவில்லை. என்ன முறையில் போவது?

மே 30, வெள்ளி

சேலத்திலிருந்து போன் வந்தது, உடனே வரச்சொல்லி. போனேன். டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"ரிசல்ட் தாமதமானதுக்குக் காரணம், லேப்ல நம்பாம ரெண்டு தடவை திரும்பச் செஞ்சிருக்காங்க. சொல்றேன், கேளுங்க. சர்க்கரை இல்ல, விரைப் பக்கத்துக் குழாய்ல சுரக்கற நொதி இல்ல. சரி, அடைப்பு இருந்தா இதெல்லாம் வராது. ஆனா துத்தநாகம்? அது புராஸ்டேட்ல இருந்து வர்றது. அடைப்பு இருக்கறவங்களுக்கு அது கூடுதலாத்தான் இருக்கும். இதுல சுத்தமா இல்ல. சிட்ரிக் அமிலம் இல்ல. எந்த ஆம்பளை உடம்புலயும் எல்லாமே இல்லாம இருக்காது. கடைசியா ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பார்த்திருக்காங்க. நீலமாயிடுச்சு. ஸ்கூல்ல படிச்சிருப்பீங்களே?"

காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"மாவு. அரிசியோ கிழங்கோ, ஏதோ மாவுத் தண்ணி. உங்க ஊர் லேப்ல அந்தப் பையன் மைக்ராஸ்கோப்ல உயிரணுவை மட்டும் தேடியிருக்கான், வேற எதையும் பார்க்கல. அது அவன் தப்பு. ஆனா டப்பாவுல ஊத்தினது நீங்க. யாரை ஏமாத்தறதுக்கு?"

அப்படியானால் நல்லசிவத்துக்குக் குறையில்லை. அப்படியானால் அந்தக் குழந்தை... இதை எழுத வேண்டாம்.

இந்தத் தடவை அவள் படுக்கச் சொன்னபோது படுத்தேன். அங்கேயே டப்பாவும் கொடுத்தாள், பூட்டிய அறை, வெளியே நர்ஸ். கொடுத்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

நல்லசிவம் வந்தான். மேகலாவின் துணிகளை ஒரு பையில் எடுத்துக்கொண்டான். வண்டிச் சாவியை மேஜை மேல் வைத்தான். என்னைப் பார்க்காமல் போய்விட்டான். அவனிடம் கேட்கத்தான் நினைத்தேன், டப்பாவில் என்ன ஊற்றினாய் என்று. அவன் நடந்து போனதைப் பார்த்தபோது பயமாக இருந்தது.

ஜூன் 7, சனி

என் ரிசல்ட். அப்படியே எழுதி வைக்கிறேன், இது முக்கியம். சர்க்கரை சரியாக இருக்கிறது. துத்தநாகம் சரியாக இருக்கிறது. ஹார்மோன் சரி. அந்த நொதி மட்டும் மிகக் குறைவு. "உற்பத்தி நல்லா நடக்குது. வெளிய வர்ற வழி ரெண்டு பக்கமும் அடைச்சிருக்கு, அவ்வளவுதான். பழைய கிருமித் தொற்று. இளம் வயசுல காய்ச்சல், வீக்கம், ஏதாவது வந்துச்சா? வெளியூர்ல இருந்தீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நம்பாத பார்வை பார்த்தாள்.

ஆபரேஷன் செய்து இணைக்கலாம், இல்லையென்றால் ஊசியால் உயிரணுவை எடுத்து வெளியே கரு உண்டாக்கலாம். "உங்க மனைவிக்கு ஒரு குறையும் இல்ல. அதனால நல்ல வாய்ப்பு இருக்கு. திங்கக்கிழமை ரெண்டு பேரும் வந்து கையெழுத்துப் போடுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும் பிள்ளை பிறக்கும். ஜீப்பில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன்.

ஜூன் 8, ஞாயிறு

சம்பூர்ணம் பெருந்துறையிலிருந்து திரும்பியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பழக்கத்தில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். நல்ல செய்தியைச் சொன்னேன். நாளைக்குச் சேலம் போக வேண்டும், உன் கையெழுத்து வேண்டும் என்றேன்.

அவள் கிண்டுவதை நிறுத்தவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. மேகலா மேல எதை வெச்சு அப்பிடிச் சொன்னீங்க? அத்தை வாயில அத வெச்சது நீங்கதான். அந்த வேன்காரருக்கு அறுவது வயசு."

இன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன். மறைக்க இனி என்ன இருக்கிறது என்று தோன்றியது. டப்பா கதையைச் சொன்னேன். தம்பியிடம் கேட்டு வாங்கினேன், அதில் ஒன்றுமே இல்லை என்று ரிப்போர்ட் வந்தது, அவனுக்குத்தான் குறை என்று நினைத்துவிட்டேன், யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். "கடைசியில பாத்தா அதுல மாவுத் தண்ணிய ஊத்திக் குடுத்திருக்கான். எல்லாம் உன்ற கொழுந்தனால வந்தது" என்றேன்.

அவள் கையிலிருந்த கரண்டி சட்டிக்குள் விழுந்தது. அடுப்புக்கு முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவுரு ஊத்துலீங்க. நாந்தான் ஊத்துனேன்."

எனக்குப் புரியவில்லை.

"சின்னவரு கெணத்தடில நின்னு அழுதுட்டு இருந்தாருங்க. அண்ணன் இப்பிடிக் கேக்கறாரு, மாட்டேன்னு சொல்ல முடியல, மேகலா மொகத்துல எப்பிடி முழிப்பேன்னாரு. நாந்தான் டப்பாவ வாங்கி, முந்தின நாள் கஞ்சி புளிச்சுக் கெடந்துச்சு, அதுல அரைக் கரண்டி ஊத்திக் குடுத்தேன். ஒண்ணுமே இல்லேன்னு உங்க பேருல ஒரு காயிதம் வரட்டும்னு. வந்தா, அடுத்த சித்திரைக்கு என்னைய மண்ணு திங்க வெக்க மாட்டீங்கன்னு."

கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேரும் அணைக்கவில்லை.

"உங்களுக்குன்னு வெச்சதுங்க அது" என்றாள். "அந்தப் பச்ச மண்ணு மேல போயி உழுந்துருச்சு."

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, அடுப்பை அணைத்து, சிந்தியதைத் துடைத்தாள். மேகலாவிடம் போய்ச் சொல்லிவிட்டு அவள் காலடியிலேயே கிடப்பதாகச் சொன்னாள். அவர்கள் அடித்தாலும் சரி, துரத்தினாலும் சரி. நாளைக்குக் கையெழுத்துக்கு என்ன செய்வது என்று கேட்டேன். ஒரு மிருகத்தைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

ஜூன் 10, செவ்வாய்

நேற்று சேலம் போகவில்லை. சம்பூர்ணம் இல்லை. வேட்டிக்கு நானே கஞ்சி காய்ச்சிப் பார்த்தேன். கட்டி கட்டியாகிவிட்டது, துணியில் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

அம்மா சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "டாக்டரு என்ன சாமி சொன்னா?"

எனக்குக் குறை ஒன்றும் பெரிதாக இல்லை, சின்ன அடைப்புதான், சரிசெய்துவிடலாம், குழந்தை பிறக்கும், ஆனால் பெண்டாட்டி கூட வர வேண்டும் என்றேன்.

அம்மா முகம் மலர்ந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு மாதுளையை எடுத்து மடியில் வைத்து உரிக்க ஆரம்பித்தாள். "இவ போனாப் போறா. வெள்ளகோயில்ல ஒரு புள்ள இருக்குது. நாளைக்கே பாத்துட்டு வந்தறலாமா?"

கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். முத்துக்கள் நல்ல சிவப்பு. நான் வாங்கிக்கொண்டேன்.